பாரியின் பெண்கள்

சென்ற தை மாதத்தில் நாச்சியாபுரத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊரில் கொடையாளிகள் நால்வருக்குப் பாராட்டு விழா. தாங்கள் வந்து ‘வள்ளல்கள் - அன்றும் இன்றும்’ என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று காரியதரிசி எழுதியிருந்தார். கதை எழுதுகிறவனைப் பேசக் கூப்பிடுவது சமையற்காரனைப் பந்தியில் பாடச் சொல்வது போலத்தான். ஆனால் எங்களில் யார் அதைச் சொல்லி மறுத்திருக்கிறோம்? நானும் மறுக்கவில்லை. குன்றக்குடி முருகனையும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், செட்டிநாட்டுப் பந்தியில் உட்காரலாம் என்ற இரண்டு பேராசைகள் என்னை ரயில் ஏற்றிவிட்டன.

நாச்சியாபுரம் குன்றக்குடிப் பக்கத்து ஊர். செட்டிநாட்டு ஊர்களுக்கே உரிய அமைப்பு இதற்கும் உண்டு. நேர் நேரான தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் வீடுகள், நடுவே ஊருணி. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திண்ணையில் பர்மாத் தேக்குத் தூண் பளபளக்கிறது. அதில் சாய்ந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

விழா ஊர் நடுவில் பந்தல் போட்டு நடந்தது. எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் பாரியிலிருந்து ஆரம்பித்தார்கள். அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. பாரி ஆண்ட பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம். ஆனால் ஐந்தாவது முறையாக அந்தத் தேர் பந்தலுக்குள் உருண்டு வந்தபோது, பக்கத்தில் இருந்தவர் என் காதில், “ஒரு கொம்பு நட்டிருந்தாப் போதாதா?” என்றார். சிறு வயதிலிருந்தே எனக்கும் இருக்கும் சந்தேகம் அது. கொடி படர ஒரு கொம்பு போதும், தேர் அநாவசியம். ஆனால் கொம்பு நட்டவனைக் கபிலர் பாடியிருப்பாரா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

என் முறை வந்தது. பச்சையப்ப முதலியார், அண்ணாமலைச் செட்டியார், அழகப்பச் செட்டியார் என்று பெயர்களை அடுக்கினேன். அரை மணி என்றவர்கள் பத்து நிமிஷத்தில் துண்டுச் சீட்டு அனுப்பினார்கள். பொன்னாடைகள் காத்துக்கொண்டிருந்தன. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். நான் எந்தத் தர்மமும் செய்யவில்லையே என்ற கூச்சம் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கூட்டம் கலைந்தபோது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். வயது தொண்ணூறு. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

“தம்பி, நிறையப் பேரைச் சொன்னீக. எல்லாரும் தேர் கொடுத்த கதையைச் சொன்னீக. பாரி செத்த பிற்பாடு என்ன ஆச்சுண்டு ஒருத்தரும் சொல்லலையே?”

“எனக்குப் பத்து நிமிஷந்தான் கொடுத்தார்கள், ஐயா” என்றேன்.

“பத்து நிமிஷத்திலே அதைத்தான் சொல்லியிருக்கணும்” என்றார் பெரியவர். “வீட்டுக்கு வாங்க. காப்பி சாப்பிட்டுப் போகலாம்.”

பாரிக்குப் பின்னால் நடந்ததை வாசகர்கள் படித்திருப்பார்கள். மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டார்கள், பாரி மாண்டான். மணமாகாத பெண்கள் இருவரும் திக்கற்று நின்றார்கள். உயிரோடிருந்த பாரியைப் பாடிப் பரிசு பெற்ற புலவர் எத்தனையோ பேர். அவர்களில் கபிலர் ஒருவர்தான் அந்தப் பெண்களைக் கையில் பிடித்துக்கொண்டு விச்சிக்கோவிடம் போனார், இருங்கோவேளிடம் போனார், இவர்களை ஏற்றுக்கொள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றார், மறுக்கப்பட்டார். பாடியது பெரிதா, இந்த அலைச்சல் பெரிதா என்று அன்று மாலை பெரியவர் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் முதன்முதலாக யோசித்தேன்.

பெரியவர் ஒரு பழைய பேரேட்டை எடுத்து வந்து காட்டினார். அவருடைய தகப்பனார் ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘சிவமயம்’. அதற்கடுத்து வரும் முதல் கணக்கு மனிதர் யாருடையதும் அல்ல. தண்டாயுதபாணி பேரில் மகமைக் கணக்கு.

மகமை என்பது செட்டிநாட்டு நகரத்தார் வியாபாரத்தின் ஒரு விநோதமான ஏற்பாடு. வரவு செலவில் ஒரு சிறு விகிதத்தைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். லாபம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பணமும் சும்மா இராது; வட்டிக்குப் போய் வளர்ந்து திரும்பி வரும். முருகன் அந்தக் கடையில் ஒரு பங்காளி மாதிரி. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தண்டாயுதபாணி கோயில்கள் எழுந்தது இப்படித்தான். காசியில் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூஜைப் பொருள்கள் ‘சம்போ, சம்போ’ என்ற கோஷத்தோடு போவதும் இந்த வழக்கத்தின் கிளைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது இன்றும் நடக்கிறது. அதைச் செய்கிறவர் இன்னார் என்று யாரும் தனியாகப் பெயர் சொல்வதில்லை.

இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேலே போய்விடலாம். மேடையாக இருந்தால் போயிருப்பேன். ஆனால் பேரேட்டில் முருகன் கணக்குக்கு அடுத்த பக்கங்களும் இருக்கின்றனவே?

1930-இல் பர்மா மாகாணப் பாங்கு விசாரணைக் கமிட்டி கணக்கெடுத்தபோது அந்த நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புரண்ட மூலதனம் ரூ. 75 கோடி என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்து 75 கோடி! ஐராவதி டெல்ட்டாவின் சதுப்பு நிலத்தை வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு மாடு வாங்கவும் விதை வாங்கவும் கடன் கொடுத்தது இந்தப் பணந்தான். பெரிய ஆங்கில பாங்குகள் அவனை வாசற்படி ஏற விடவில்லை. செட்டியாருக்குக் கடன் கொடுத்தன, செட்டியார் அவனுக்குக் கொடுத்தார். நெல் விலை ஏறிக்கொண்டிருந்தவரை எல்லோருக்கும் சந்தோஷம். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் மந்தம் வந்தது. நெல் விலை பாதாளத்தில் விழுந்தது. வட்டி மட்டும் விழவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937-இல் 25 பங்காயிற்று. நிலம் கேட்டு அவர்கள் போகவில்லை; பணந்தான் கேட்டார்கள் என்பதும் உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதும் உண்மை.

“அப்பச்சி ஒண்ணு சொல்லுவாக” என்றார் பெரியவர். “ஒரு பர்மாக்காரன் நிலத்தை எழுதிக் கொடுத்துட்டு, கைநாட்டும் வச்சுட்டு, போறப்ப எங்க அப்பச்சிக்கு ஒரு வெத்திலை மடிச்சுக் கொடுத்தானாம். சிரிச்சுக்கிட்டே கொடுத்தானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பச்சி வாயிலே போடப்போன வெத்திலையைத் தட்டிலே வச்சிருவாக.”

1942-இல் ஜப்பான்காரன் வந்தான். பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியவரின் தகப்பனார் மற்ற ஆயிரக்கணக்கானவர்களோடு காட்டு வழியாக நடந்து வந்தார். இந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்தது ஏழு வயதுப் பையன். “யாரோ பண்டாரம் வந்திருக்காரு” என்று உள்ளே கத்தினானாம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கணக்கு முடித்து ஊர் வருகிறவரை நாலு வயதில் பார்த்த பிள்ளைக்கு எப்படி அடையாளம் தெரியும்?

நிற்க. கொடையாளியைக் கொண்டாடும்போது அவர் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நாகரிகமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நெல் யார் விளைத்தது என்று கேட்கிற மாதிரிதான். ஆனாலும் இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே கேட்டவர் ஒருவர் உண்டு. 1927 செப்டம்பரில் காந்திஜி செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். மாளிகை மாளிகையாக உபசாரம் நடந்தது. இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கூடம் முழுக்க அடைத்து வைத்திருந்த மேல்நாட்டு நாற்காலி மேஜைகளையும் பார்த்தார். கதருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அத்தோடு விடாமல், இந்த வீடுகளைச் சாமான் போட்டு அலங்கரிக்கும் கான்ட்ராக்டை என்னிடம் விட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்துத் தருவேன் என்ற கருத்துப்படக் கேலி செய்தார். உபசரித்தவர்கள் சிரித்தார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் சிரிப்பில் எத்தனை வகை இல்லை!

நான் மேடையில் முதலில் சொன்ன பெயர் பச்சையப்ப முதலியார். அவர் கதையை முழுக்கச் சொல்லியிருந்தால் கூட்டம் கொஞ்சம் அசந்திருக்கும். 1794-இல், நாற்பது வயதில் அவர் காலமானார். அதற்குமுன் எழுதி வைத்த உயிலில் கல்லூரி என்ற வார்த்தையே கிடையாது. சிவன் கோயில்களுக்கும் விஷ்ணு கோயில்களுக்கும் பூஜை, தர்ம காரியங்கள் - இவ்வளவுதான். சொத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வழக்கு நடந்தது. கடைசியில் அட்வொகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் விடாமல் முயன்று, தர்மங்களுக்குப் போக மீந்து பெருகியிருந்த பணத்தைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842-இல் பள்ளிக்கூடம் திறந்தது. அதாவது, கொடுத்தவர் கண்ணை மூடி 48 வருஷம் கழித்து! இன்றைக்கு எத்தனையோ தமிழர்கள் ‘நான் பச்சையப்பனில் படித்தவன்’ என்று மார்தட்டுகிறார்கள். அந்தப் பச்சையப்பருக்கு இது தெரிந்தால் திடுக்கிட்டுப் போவார். கோபப்பட மாட்டார் என்று நம்புகிறேன்.

கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் கதை இதற்கு நேர்மாறு. 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி, பிறகு ரூ. 20 லட்சம் கொடுத்து, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தம் கண்ணெதிரிலேயே நட்டு, நீர் ஊற்றி, நிழலில் உட்கார்ந்தும் பார்த்தவர். தமிழிசைக்கு அவர் செய்ததைச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும்.

இனி, பெரியவர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனதற்கான காரணத்துக்கு வருகிறேன். அவர் அழகப்பச் செட்டியார் கல்லூரியில் படித்தவர்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ஆம் தேதி பிறந்தார் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ.; பிறகு லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. லண்டன் சார்ட்டர்ட் பாங்கில் பயிற்சி பெற்றார். விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினார். வட்டிக்கடைப் பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார வேண்டிய பிள்ளை ஆகாயத்தில் பறந்தது அந்த நாளில் எவ்வளவு பெரிய வம்பாக இருந்திருக்கும்! ஆனால் இளமையிலேயே ஒரு கடும் நோய் பற்றிக்கொண்டது; கடைசிவரை விடவில்லை. வக்கீல் தொழிலை விட்டுத் தொழில்துறைக்கு வந்தார். கொச்சி ராஜ்யத்தில் துணி ஆலை, மலேயாவில் ரப்பர், இன்ஷ்யூரன்ஸ், ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனி. திருச்சூர் மாவட்டத்தில் ஆலை இருந்த இடம் இன்றைக்கும் அழகப்பா நகர் என்ற பஞ்சாயத்து. பிரிட்டிஷ் சர்க்கார் ‘சர்’ பட்டம் கொடுத்தது. சுதந்திரம் வந்ததும் அதைத் துறந்துவிட்டார்.

அவர் கொடுத்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ரூ. 5 லட்சம் கொடுத்து, 1944-இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டையொட்டி ஒரு கூட்டம். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, தேசத்துக்குக் கல்லூரிகள் வேண்டும், தனவந்தர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். இப்படிக் கேட்பது துணைவேந்தர்களின் வழக்கம். கை தட்டுவது தனவந்தர்களின் வழக்கம். அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் ஒரு கலைக் கல்லூரி தொடங்குகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். சொன்ன அதே ஆண்டில் காரைக்குடியில் காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் கல்லூரி ஆரம்பமாயிற்று. கட்டடம் கட்டி, திறப்பு விழாவுக்கு நாள் பார்த்து, கவர்னருக்குக் காத்திருந்து தொடங்குவதுதான் சம்பிரதாயம். அவர் பாடம் நடத்த ஒரு கூரை போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பெரிய கட்டடங்கள் பின்னால் வந்தன.

பின்னால் வந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், குழந்தைகளுக்குப் பள்ளி. ஒரு பொட்டல்காடு பத்து வருஷத்தில் கல்வி நகரமாயிற்று. தாம் குடியிருந்த வீட்டையும் கல்விக்காக விட்டுக்கொடுத்தார்.

இவற்றுள் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. சுதந்திர இந்தியா விஞ்ஞான ஆராய்ச்சிக்கூடங்களை வரிசையாக நிறுவத் தொடங்கிய சமயம். நேருவும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் முனைந்து நின்றார்கள். டில்லி, பூனா என்று பெரிய பட்டணங்களுக்குப் போக வேண்டிய காரியம் அது. அழகப்பர், 300 ஏக்கர் நிலமும் ரூ. 15 லட்சமும் தருகிறேன், மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் காரைக்குடிக்கு வரட்டும் என்றார். 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு காரைக்குடிக்கு வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-இல் பொங்கலையொட்டி, ஜனவரி 14-ஆம் தேதி, அப்போது உப ஜனாதிபதியாக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அரிமானம் என்றால் துருப்பிடித்தல். அதைத் தடுப்பது எப்படி, மின்சாரத்தால் உலோகங்களைப் பிரிப்பது எப்படி, பாட்டரி செய்வது எப்படி என்று அங்கே இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கல்லூரி வேண்டும் என்று கேட்க ஒரு துணைவேந்தர் இருந்தார். மின்வேதியியல் வேண்டும் என்று காரைக்குடியில் யார் கேட்டது? யாரும் கேட்காததைக் கொடுக்க ஒரு தனிக் கண் வேண்டும். முல்லைக்கொடியும் பாரியிடம் வாய் திறந்து கேட்கவில்லை அல்லவா?

“1952-லே இன்டர்மீடியட் சேர்ந்தேன்” என்றார் பெரியவர். “பஸ்ஸிலே பாதி நாள், சைக்கிள்ளே பாதி நாள். பர்மாவிலேருந்து வந்த அப்பச்சிகிட்ட மதராசுக்கு அனுப்பிப் படிக்க வைக்கப் பணம் ஏது? காலேஜு காரைக்குடிக்கு வந்துச்சு, நான் படிச்சேன். இல்லேண்டா ஏதாவது கடையிலே பெட்டியடிப் பையன்தான்.”

பட்டம் வாங்காமல் கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். கல்லூரி என் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது; ஆகையால் எனக்கு அதன் அருமை தெரியவில்லை. இதைப் பெரியவரிடம் சொல்லவில்லை.

அழகப்பர் காலமானது 1957 ஏப்ரல் 5. விடிந்தால் பிறந்த நாள், நாற்பத்தெட்டு நிறைந்திருக்கும். எனக்கும் இப்போது நாற்பத்தேழு நடக்கிறது. இந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, நானும் இதுவரை பதினோரு நாவல் எழுதியிருக்கிறேனே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.

பாரியின் பெண்கள் கதை இங்கேதான் வருகிறது. அழகப்பர் 1950-இல் சென்னையில் ராமானுஜன் கணித ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். கும்பகோணத்துக் கணித மேதையின் பெயரில், சுத்தமான கணித ஆராய்ச்சிக்கென்றே ஓர் இடம். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்ற விஜயராகவன் அதன் முதல் டைரக்டர். கணக்கு ஆராய்ச்சிக்கு ஆலையும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். கரும்பலகையும் நாலு நல்ல மூளையும் போதும். ஆனால் மூளைக்கும் மாதச் சம்பளம் உண்டே! 1955-இல் விஜயராகவன் மறைந்தார். அதற்குள் அழகப்பரின் தொழில்களும் தளர்ந்துகொண்டு வந்தன. ஸ்தாபனத்தைத் தொடர்ந்து நடத்த முடியாத நிலை. 1957-இல் அவரும் போய்விட்டார். கொடுத்தவர் இல்லை, பணம் இல்லை, பத்து வயதுகூட நிரம்பாத குழந்தை வாசலில் நிற்கிறது.

அப்போது அமெரிக்காவில் சிகாகோவில் இருந்த வானியல் நிபுணர் எஸ். சந்திரசேகர் சும்மா இருக்கவில்லை. நேருவை அணுகினார், ராமானுஜன் பெயரால் உள்ள ஸ்தாபனம் மூடப்படலாகாது என்று வாதாடினார். நேரு தலையிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஸ்தாபனத்தை ஏற்றுக்கொண்டது. 1967-இல் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையோடு அது இணைந்தது. இன்றும் ராமானுஜன் பெயரைத் தாங்கி நடக்கிறது. சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்ததை ஊரே கொண்டாடிற்று. இதைக் கொண்டாடியவர் எத்தனை பேர்? கபிலருக்கு மறுத்த வேளிர்கள் போல் நேரு மறுத்துவிடாதது நம் அதிருஷ்டம்.

காரைக்குடிக் கல்வி நிலையங்களுக்கும் பின்னால் ஆள் கிடைத்தார்கள். 1985-இல் அவர் பெயராலேயே அரசாங்கம் அழகப்பா பல்கலைக்கழகத்தை அமைத்தது.

இப்படிப் பெரிய மனிதர் கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் இருட்டாகவே போய்விடும். செட்டிநாட்டு மகமையைப் போலவே விருதுநகர் நாடார்களிடமும் மகிமை என்று ஓர் ஏற்பாடு உண்டு. 1889-இல் அவர்கள் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு இந்தப் பணத்தோடு பிடி அரிசியும் சேர்ந்தது. வீட்டுப் பெண்கள் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிக்கூடம். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். அந்தப் பிடி அரிசிக்காரிகளில் ஒருத்திக்கேனும் யாராவது பொன்னாடை போர்த்தியிருப்பார்களா? மேடை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அத்தனை பேரும் ஏற இடம் போதாது.

நாச்சியாபுரத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் குன்றக்குடியிலும் ஒரு கதை உண்டு. 1952 முதல் 1995-இல் மறையும்வரை ஆதீனத் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், மடத்து வாசலில் நின்று அரிசி போடுவதோடு தர்மம் முடிந்துவிட்டது என்று நினைக்கவில்லை. கிராமத்தில் வேலையில்லாதவர் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கணக்கெடுத்து, கூட்டுறவுச் சங்கங்களும் சிறு தொழில்களும் தொடங்க வைத்தார். தொழில் நுணுக்கத்துக்கு எங்கே போவது? அழகப்பர் நிலம் கொடுத்த அந்த மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் சில மைல் தூரத்தில் இருந்தார்களே! அவர்கள் வந்தார்கள். காவி கட்டியவரும் வெள்ளை அங்கி போட்டவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து யோசித்தார்கள். திட்டக் கமிஷன் வரை இது ‘குன்றக்குடி முறை’ என்று பேசப்பட்டது. 1948-இல் நேரு நாட்டிய கல் எங்கே, கிராமத்துப் பெண்கள் கூலி வாங்கிய பட்டறை எங்கே! ஒரு தர்மம் எந்த வழியாகச் சுற்றிக்கொண்டு எங்கே போய்ச் சேரும் என்பதைக் கொடுத்தவர் அறிவதில்லை.

“இதெல்லாம் ஊரறிஞ்ச கதை. நான் எதுக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தேண்டு சொல்லலையே” என்று பெரியவர் எழுந்தார். ஊருணிக் கரையோரம் ஒரு சிறு கட்டடத்துக்கு அழைத்துப் போனார். பழைய வாசகசாலை. யாரோ ஒரு புண்ணியவான் கட்டிக் கொடுத்தது. பெயர் பொறித்த கல்லில் சுண்ணாம்பு மூடிப் போயிருந்தது. உள்ளே ஏழெட்டு அலமாரி. மேலே பார்த்தேன், ஓட்டில் வானம் தெரிந்தது. ஒரு மூலையில் புத்தகங்களைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்ததில் என் நாவல் ஒன்றும் இருந்தது. கடைசி அத்தியாயத்தைக் கரையான் படித்து முடித்திருந்தது.

“கட்டிக் கொடுக்க ஆள் இருக்கு தம்பி. புதுசாக் கட்டினாக் கல்லிலே பேர் வரும். ஓடு மாத்தறதுக்கு யார் வருவாக? ஓட்டிலே பேர் எழுத முடியாதுல்ல? நானும் இன்னும் ஆறு பேரும் மாசம் நூறு ரூபாய் போடுறோம். அதுலே மூணு பேர் இப்ப இல்லை.”

மறுநாள் காலை என்னை வழியனுப்பப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். கையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு. நான் பையிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். பேச வந்ததற்கு அவர்கள் கொடுத்த பிரயாணச் செலவைவிடக் குறைவுதான். பெரியவர் நின்றபடியே நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி இருந்தது. அதன் கீழ் வரிசையாக வரவுகள். பாதிக்கு மேல், ‘குன்றக்குடி முருகன் உபயம்’ என்றே இருந்தது.

“இப்படியும் போடலாம், பேரும் போடலாம். உங்களுக்கு எப்படிப் போட?” என்று கேட்டார்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். பொன்னாடை பெட்டிக்குள் இருந்தது.

“என் பேரிலேயே போட்டுவிடுங்கள்” என்றேன். “இனிஷியலை மறந்துவிடாதீர்கள், அந்தப் பெயரில் இன்னொரு எழுத்தாளர் இருக்கிறார்.”